மார்ஃபின் மாத்திரையா, ஃபென்டனில் பேட்ச்சா?

புற்றுநோய் வலிக்கு டாக்டர் இந்த இரண்டு வலிநிவாரணிகளையும் (பேட்ச் என்றால் தோலில் ஒட்டும் மருந்துப் பட்டை) சொன்னால் வீட்டில் குழப்பம்தான்.

செலவு: மாத்திரை மலிவு. பேட்ச் விலை கூடுதல்.

வேகம்: சாதாரண மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் கேட்கும், சுமார் 4 மணி நேரம் தாங்கும். பேட்ச் வேலை காட்ட 12 மணி நேரமாவது ஆகும். அப்புறம் ஒன்று ஒட்டினால் 72 மணி நேரம். அதன் மேல் வெந்நீர் ஒத்தடம் மட்டும் கூடவே கூடாது, மருந்து மளமளவென்று உள்ளே இறங்கி மூச்சையே அடக்கிவிடும்.

மலச்சிக்கல்: இரண்டிலும் உண்டு, மாத்திரையில் அதிகம்.

கிடைப்பது: இந்தியாவின் போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் வந்த திருத்தம் இரண்டுக்கும் உரிம நடைமுறையை எளிதாக்கியது. ஆனாலும் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது.

வலி ஏறி இறங்கி, அளவு பிடிபடாத நாட்களில் நான் மாத்திரைப் பக்கம். வலி நிலைப்பட்டபின் விழுங்க முடியாதவருக்கும், சிறுநீரகம் பழுதானவருக்கும் பேட்ச்.