கரைவலையா, பைபர் படகா?

முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித் தொழிலுக்கு இறங்குகிற பெடியன்கள் கேட்பது இதுதான். கரைவலை என்றால் கடலில் வளைத்துவிட்டு, கரையில் நின்று ஆட்கள் இழுக்கும் பெரிய வலை. பைபர் படகு என்றால் மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரம் பூட்டிய சிறு படகு.

போடும் முதல்:
கரைவலை – வலை, கயிறு, வள்ளம், போதாததற்குப் பாட்டு உரிமை (பாடு என்பது கரைவலை வளைத்து இழுக்கும் கரைத்துண்டு). சம்மாட்டிதான், அதாவது ஆள் வைத்துத் தொழில் நடத்தும் முதலாளிதான், தாங்குவார்.
படகு – கடன் கிடைத்தால் ஒருவரே தொடங்கலாம்.

ஆள்:
கரைவலைக்கு இருபது பேராவது வேண்டும். இப்போது ஆள் பிடிப்பதே பெரும்பாடு.
படகுக்கு இரண்டு பேர் போதும்.

எண்ணெய்: இங்கேதான் கதை மாறுகிறது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறியது. வெறும் கானோடு வரிசையில் நின்று, விடிந்தபிறகு வீட்டுக்குத் திரும்பியவர்களைப் பார்த்தேன். படகு மணலில் கிடந்தது. கரைவலையை இழுப்பது கை. (உழவு இயந்திரம் பூட்டி இழுத்தால் கணக்கும் வேறு, சண்டையும் வேறு.)

காற்று: கரைவலை சோளகத்தோடு (தென்மேல் காற்றுக் காலம்) சரி. வாடையில் (வடகீழ் காற்றுக் காலம்) கடல் அடங்குகிற நாளில் படகு இறங்கும்.

சேதம்: கடலடியை வாரி இழுக்கும் வலையான இழுவைமடியை 2017இல் சட்டம் தடுத்தது. ஆனாலும் எல்லை தாண்டி வரும் இழுவைப்படகுகள் இரவில் விரித்த வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. அந்த அடி படகுக்காரருக்கே.

அண்ணன் தம்பி இரண்டு பேர், கையில் கொஞ்சக் காசு என்றால் படகு. பாடு பரம்பரையாக இருந்தால் கரைவலை. பாட்டு உரிமையை மட்டும் விற்றுவிடாதீர்கள்.