ஞாயிறு மாலை ஏழு மணி: அமெரிக்க வானொலிப் பொற்காலப் பதிவுகளுடன் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்

அமெரிக்க வானொலியின் பொற்காலம் என்று சொல்லப்படுகிற 1930கள், 40களின் நிகழ்ச்சிப் பதிவுகளை நான் கேட்கத் தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றில் முதல் ஆறு மாதங்களை வீணடித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இணையத்தில் ஒரு தொகுப்பைத் தரவிறக்கி, ஒரே தொடரின் பத்துப் பன்னிரண்டு பகுதிகளை ஒரே மூச்சில் கேட்பதும், "இதுதான் மிகச் சிறந்தது" என்று யாரோ பட்டியலிட்டவற்றை முதலில் பொறுக்கிக் கேட்பதுமாக அந்தக் காலம் கழிந்தது. மூன்றாவது பகுதியிலேயே நகைச்சுவை புளித்துவிடும். ஒருவருடைய கஞ்சத்தனத்தைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறார்களே, இதற்கா ஒரு நாடே வீட்டில் உட்கார்ந்திருந்தது என்று அலுத்துப்போய், எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்ற நிலைக்கு வந்தேன்.

அழிப்பதற்கு முன் கடைசி முயற்சியாக ஒரு விதியை வைத்துக்கொண்டேன். 1942 அக்டோபரிலிருந்து தொடங்குவது. ஞாயிற்றுக்கிழமை ஒலிபரப்பானதை ஞாயிற்றுக்கிழமை மட்டும், அமெரிக்கக் கிழக்குக் கரையில் அது வந்த அதே மணிக்கு என் கடிகாரப்படி கேட்பது. அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருப்பது. தேதி பொருந்தாது, கிழமை பொருந்தும். அந்த விதியை இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். இப்போது நான் இருப்பது 1945 டிசம்பரில்.

ஞாயிறு மாலை ஏழு மணிக்கு என்.பி.சி. வானொலி வலையமைப்பில் நகைச்சுவைக் கலைஞர் ஜாக் பென்னி. என் வாரத்தின் அச்சாணி இந்த அரைமணி நேரம்தான். முன்பு 'ஜெல்லோ' இனிப்புக்காக நடந்துகொண்டிருந்த இந்த நிகழ்ச்சி, நான் தொடங்கிய பருவத்தில் 'கிரேப்-நட்ஸ்' என்ற காலையுணவுக்கு மாறியிருந்தது. போர்க்காலச் சர்க்கரைத் தட்டுப்பாட்டால் ஜெல்லோவைப் போதிய அளவு தயாரிக்க முடியவில்லை; விற்க முடியாத பொருளுக்கு எதற்கு விளம்பரம் என்று ஒரே நிறுவனம் சரக்கை மட்டும் மாற்றியது. பகுதி பகுதியாக விழுங்கிய காலத்தில் விளம்பரங்களை முப்பது முப்பது வினாடியாகத் தாண்டிச் செல்வேன். அப்படித் தாண்டியவன் இதையெல்லாம் தவறவிட்டிருந்தேன். பென்னி நடுவில் பேசும் நக்கல் விளம்பரத்துக்குள்ளேயே பாதி இருக்கிறது. அறிவிப்பாளர் டான் வில்சன் எந்தச் சந்தில் நுழைந்து சரக்கைப் பற்றிப் பேசப்போகிறார் என்பதே ஒரு விளையாட்டு.

அந்த ஆண்டுகளில் பென்னி குழுவினர் பல வாரங்கள் ராணுவ முகாம்களிலிருந்தே நிகழ்ச்சியை நடத்தினார்கள். முகாம்களில் பதிவான சிரிப்பு வேறு மாதிரியானது. அது அலையாக எழாமல் இடி போல ஒரே நேரத்தில் விழும். ஏதோ ஓர் அதிகாரியின் பெயரைச் சொன்னவுடன் கூரை பிய்த்துக்கொள்ளும். நமக்கு அந்த அதிகாரி யாரென்றே தெரியாது, ஆனாலும் நாமும் சிரித்துவிடுவோம். பாடகர் டென்னிஸ் டே 1944இல் கடற்படைக்குப் போனார். அவருடைய இடத்தில் லாரி ஸ்டீவன்ஸ் வந்து ஓராண்டுக்கு மேலாகிவிட்டது. நல்ல குரல்தான், ஆனால் டென்னிஸின் அசட்டுத்தனம் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை ஏதோ குறைகிறது. ஒரே நாளில் பத்துப் பகுதி கேட்டவனுக்கு இது வெறும் பாடகர் மாற்றம். நான் ஐம்பது அறுபது ஞாயிறுகளாக அவர் இல்லாமல் இருக்கிறேன்.

எட்டு மணிக்கு எட்கர் பெர்கனும் அவருடைய மரப்பொம்மை சார்லி மெக்கார்த்தியும். உதடு அசையாமல் பொம்மையைப் பேசவைக்கிற கலைஞர் ஒருவர் வானொலியில் புகழ்பெற்றார் என்பதை யாரிடம் சொன்னாலும் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் குழு செவ்வாய்க் கிரகப் படையெடுப்பு நாடகத்தை ஒலிபரப்பியபோது, பெரும்பாலான நேயர்கள் எதிர் அலைவரிசையில் இந்தப் பொம்மையைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கள் இரவு ஒன்பது மணிக்கு இன்னொரு வலையமைப்பான சி.பி.எஸ்.ஸில் 'லக்ஸ் ரேடியோ தியேட்டர்', ஒரு மணி நேரம். பெரிய பெயர், பெரிய நட்சத்திரங்கள். என் கணிப்பில் தகுதிக்கு மேல் புகழப்பட்ட நிகழ்ச்சி. ஒரு முழுத் திரைப்படத்தைச் சோப்பு விளம்பரங்களுக்கு இடையில் முக்கால் மணி நேரத்துக்குள் அடக்குவதால், நடிக்க வேண்டிய காட்சிகள் பலவற்றைச் சொல்லியே கடந்துவிடுகிறார்கள். ஆனாலும் தொகுப்பாளர் செசில் பி. டெமில்லின் மேடைக் குரலுக்கு என் காது பழகியிருந்தது. 1945 ஜனவரி முடிவதற்குள் அந்தக் குரல் நின்றுபோனது. வானொலிக் கலைஞர்கள் சங்கம் ஓர் அரசியல் பிரசாரத்துக்காக உறுப்பினர்களிடம் கேட்ட 1 டாலரைத் தர அவர் மறுத்தார். சங்க உரிமை போய் ஒலிவாங்கியின் முன் வர முடியாமலானார். அதற்குப் பிறகு பல மாதங்கள் வெவ்வேறு ஆட்கள் வந்து தொகுத்தார்கள். போன மாதம்தான் வில்லியம் கீலி நிரந்தரமாக வந்து சேர்ந்தார். ஒரு டாலருக்காக என்னுடைய திங்கட்கிழமைகள் பத்து மாதம் அனாதையாகக் கிடந்தன.

செவ்வாய் இரவு ஒன்பதரைக்கு 'ஃபிப்பர் மெக்கீ அண்ட் மாலி' என்ற கணவன் மனைவி நகைச்சுவை. கேட்கும் முறை எவ்வளவு முக்கியம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இதுதான். மெக்கீயின் வீட்டில் ஓர் அலமாரி இருக்கிறது. திறந்தால் உள்ளே அடைத்துவைத்த தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் சரிந்து விழும். 1940 மார்ச் 5 அன்று முதன்முதலில் திறந்தார்கள். அதன்பின் பல ஆண்டுகள் திறந்துகொண்டே இருந்தார்கள். தொடர்ந்து ஐந்து பகுதிகள் கேட்டால் இதைவிடச் சலிப்பான வேடிக்கை இல்லை. வாரத்துக்கு ஒன்றாகக் கேட்டால் நிலைமையே வேறு. முதலாவதாக, எல்லா வாரமும் திறப்பதில்லை. பேச்சுவாக்கில் மெக்கீ ஏதோ ஒரு பொருளைத் தேடத் தொடங்கும்போது நமக்கு நினைவு வராது. கதவின் பிடியில் கை வைக்கும்போதுதான் வயிற்றில் ஒரு கலக்கம் வரும். அதற்குள் சரிந்து முடிந்திருக்கும். எல்லாம் விழுந்து அடங்கிய பிறகு ஒரு கணம் அமைதி. பிறகு கடைசியாக ஒரு சின்ன மணி 'டிங்' என்று விழும். அந்த மணியை நான் முதல் ஆறு மாதங்களில் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

1942 டிசம்பர் 1 அன்று பெட்ரோல் பங்கீடு நாடு முழுவதற்கும் விரிவுபடுத்தப்பட்டது. பெட்ரோலைவிட, டயருக்கான ரப்பரை மிச்சப்படுத்துவதுதான் அதன் உண்மையான நோக்கம். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. அன்றிரவே மெக்கீ அதைப் பற்றி ஆத்திரப்பட்டுக் கத்துகிறார். அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக வந்து அவர் வாயை அடைக்கிறார்கள். அரசின் செய்தியை நேயருக்கு ஊட்டும் வேலை இது என்று தெரிந்தும் சிரிக்க முடிகிறது. நடுவில் அறிவிப்பாளர் ஹார்லோ வில்காக்ஸ் அந்த வீட்டுக்கே வந்து ஜான்சன் மெழுகைப் பற்றிப் பேச, மெக்கீ அவரை விரட்டப் பார்ப்பார். விளம்பரமே கதாபாத்திரமாக வந்து நிற்பதை நான் வேறு எங்கும் இவ்வளவு இயல்பாகக் கேட்டதில்லை.

புதன்கிழமையை நான் ஓய்வு நாளாக வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை 'சஸ்பென்ஸ்' என்ற திகில் நாடகத் தொடர். நான் கேட்கத் தொடங்கியபோது அது செவ்வாயில் இருந்தது. 1943 டிசம்பரில்தான் வியாழனில் நிலைகொண்டது. ஆக்னஸ் மூர்ஹெட் ஏறக்குறையத் தனியாளாக நடித்த 'சாரி, ராங் நம்பர்' 1943 மே 25 அன்று, செவ்வாயில் இருந்தபோதே வந்துவிட்டது. நோயாளிப் பெண் ஒருத்தி தொலைபேசியில் ஒரு கொலைத் திட்டத்தை ஒட்டுக்கேட்டு, யாரிடம் சொல்லியும் நம்பவைக்க முடியாமல் தவிக்கிற கதை. அன்று கிழக்குக் கரை ஒலிபரப்பில் முடிவில் ஒரு நடிகர் தன் வசனத்தைச் சரியான இடத்தில் எடுக்கத் தவறிவிட்டார். கொலையாளி யார் என்பதே நேயர்களுக்குக் குழம்பிப்போய், அடுத்த வாரம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. எனக்கும் குழம்பியது. நானும் ஒரு வாரம் காத்திருந்துதான் தெளிந்தேன். நேரடி ஒலிபரப்பு என்ற சொல்லுக்கு அந்த ஏழு நாள்களில்தான் எனக்குப் பொருள் புரிந்தது. அதே நாடகத்தைப் பிற்பாடு பலமுறை திருத்தமாக நடித்திருக்கிறார்கள் என்று தெரியும். முதல் பதிவைத்தான் சிபாரிசு செய்வேன்.

வெள்ளியன்று கொஞ்ச காலம் 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்' கேட்டேன்: நேயர் அனுப்பும் கேள்விக்கு அறிஞர் குழு திணறினால் கல்லாப்பெட்டி 'சிலிங்' என்று ஒலிக்கும். 1943 இலையுதிர்காலத்திலிருந்து வெள்ளியில் 'ஏமஸ் அண்ட் ஆண்டி' வாரம் ஒருமுறை அரைமணி நேரமாக வந்தது. கறுப்பினத்தவரான நாயகர்கள் இருவருக்கும் குரல் கொடுத்தவர்கள் ஃப்ரீமன் காஸ்டென், சார்லஸ் கோரெல் என்ற இரண்டு வெள்ளையர்கள். நான்கு வாரம் கேட்டுவிட்டு நிறுத்தினேன். எழுத்துத் திறமையைக் குறை சொல்ல மாட்டேன், அந்தக் குரல்களை என்னால் தாங்க முடியவில்லை. பென்னி நிகழ்ச்சியில் அவருடைய வேலையாள் ராச்செஸ்டராக வரும் எடி ஆண்டர்சன் கறுப்பினக் கலைஞர். பழைய பகுதிகளில் அவர் வாயில் போட்டிருக்கும் சில நகைச்சுவைகள் இன்று கேட்கக் கூசுகின்றன. நான் கேட்கும் காலத்தில் முதலாளியை மடக்கி மடக்கிப் பேசுகிற இடம் அவருக்குக் கூடிக்கொண்டே வருகிறது. சனிக்கிழமைகளில் 'யுவர் ஹிட் பரேட்' பாட்டு வரிசை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பாத்திரம் கழுவும்போது ஓடும்.

ஒலித்தரம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை 16 அங்குல இசைத்தட்டுகளில், நிமிடத்துக்கு 33⅓ சுற்று வேகத்தில் பதிவானவை. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் என்பதால் அரைமணி நிகழ்ச்சி இரண்டு பக்கங்களில் இருக்கும். பாதிக்கு வரும்போது ஒலி மங்கி, இரைச்சல் ஏறி, திடீரென்று அறையில் ஜன்னலைத் திறந்தது போலத் தெளிந்தால், அங்கேதான் தட்டு மாறியிருக்கிறது. போர்க்காலத்தில் அலுமினியம் கிடைக்காமல் கண்ணாடித் தட்டுகளில் பதிந்தார்கள், உடைந்தவை உடைந்தவைதான். நான் வாங்கிய ஒரு தொகுப்பில் ஒரே பகுதி மூன்று வெவ்வேறு தேதிகளில் போடப்பட்டிருந்தது. இன்னொன்றில் வேகம் சற்றே கூடி எல்லோரும் மூக்கால் பேசினார்கள். கோப்பின் பெயரில் இருக்கும் தேதியை நம்பாமல் உள்ளே பேசுவதைக் கேட்டு முடிவு செய்வது நல்லது. ஹெட்போன் வேண்டாம், இரைச்சல் மூளைக்குள் ஏறும். அறையின் மூலையில் ஒரு சிறு ஸ்பீக்கரை வைத்துவிட்டு எதிர் மூலையில் உட்காருங்கள். அந்த ஒலி அப்படிக் கேட்பதற்காகத்தான் கலக்கப்பட்டது.

ஒரு வாரம் அதிகம் என்று நினைப்பவர்கள் ஒரு நாளை முயன்று பார்க்கலாம். வாஷிங்டனில் இருந்த டபிள்யூ.ஜே.எஸ்.வி. நிலையம் 1939 செப்டம்பர் 21 அன்று, காலையில் தொடங்கி நள்ளிரவைத் தாண்டி நிலையம் மூடும்வரை தன் ஒலிபரப்பு முழுவதையும் பதிவு செய்தது. விடுப்பு எடுத்து ஒரு நாள் முழுக்கக் கேட்டேன். காலையில் ஆர்தர் காட்ஃப்ரியின் சோம்பல் குரல், பிறகு பதினைந்து பதினைந்து நிமிடமாகக் குடும்பத் தொடர்கள், ஆயுதத் தடையை நீக்கக் கோரி அதிபர் ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரை, பிறகு பேஸ்பால். ஐரோப்பாவில் போர் தொடங்கி மூன்று வாரம்; அதைப் பேசிய அதே நாளில் பந்தாட்டம். பேஸ்பாலில் தூங்கிவிட்டேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த முறைக்குக் கிடைத்த பலன் என்ன என்று கேட்டால் ஒரே ஒரு வாரத்தைத்தான் சொல்வேன். 1945 ஏப்ரல் 12, வியாழன், ரூஸ்வெல்ட் இறந்தார். வானொலி வலையமைப்புகள் விளம்பரங்களையும் கேளிக்கை நிகழ்ச்சிகளையும் சில நாள் நிறுத்திவைத்தன. அந்த ஞாயிறு ஏழு மணிக்கு, பழக்கதோஷத்தில் ஸ்பீக்கரை இயக்கிவிட்டுக் கோப்பைத் தேடினேன். பென்னி இல்லை. அடக்கம் நடந்த நாள் அது. தொகுப்பில் ஏப்ரல் 8க்கு அடுத்த கோப்பு ஏப்ரல் 22 என்று வரிசையாகத்தான் இருந்தது. முன்பு போலக் கேட்டிருந்தால் இடையில் ஒன்றும் நடக்கவில்லை என்று தோன்றியிருக்கும். அன்று அரைமணி நேரம் எதையும் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

குறையும் உண்டு. கோடையில் இவர்கள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள். மாற்று நிகழ்ச்சிகள் பல கிடைப்பதில்லை, கிடைப்பவை சுமார். ஒவ்வொரு ஆண்டும் அந்த வாரங்களில் இந்தப் பழக்கத்தை விட்டுவிடலாமா என்று தோன்றும். வட்டார வழக்கும் அன்றைய அரசியல்வாதிகளின் பெயர்களும் முதல் ஓராண்டு படுத்தியெடுக்கும்.

இன்னொன்று, என் தப்பு. பென்னியின் மிகப் புகழ்பெற்ற வேடிக்கை 1948 மார்ச் 28 அன்று வருகிறது: வழிப்பறிக்காரன் "பணமா, உயிரா" என்று கேட்க, பென்னி பேசாமல் நிற்கிறார், அவன் மறுபடி அதட்ட, "யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்கிறார். அரங்கமோ அவர் வாய் திறப்பதற்கு முன்பே, அந்த மௌனத்திலேயே, சிரிக்கத் தொடங்கிவிடுகிறது. இதை நான் முதல் வாரமே, பட்டியலைப் பார்த்து, தனியாக எடுத்துக் கேட்டுத் தொலைத்தேன். சிரிப்பு வரவில்லை. அவர் எவ்வளவு பெரிய கஞ்சன் என்று அந்த அரங்கத்துக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும், எனக்குத் தெரியாது. அந்தக் கோப்பை இப்போது வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேன். என் கணக்கில் அது வர இன்னும் இரண்டேகால் ஆண்டு இருக்கிறது.

இந்த மாதம் பென்னி நிகழ்ச்சியில் ஒரு போட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஜாக் பென்னியை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று நேயர்கள் எழுதி அனுப்ப வேண்டும். மொத்தப் பரிசு 10,000 டாலருக்கான கடன் பத்திரங்கள். அந்தக் கஞ்சன் 10,000 டாலர் தருவதா என்று குழுவே கேலி செய்கிறது. யார் வென்றார் என்று இணையத்தில் தேடினால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். தேடவில்லை. டென்னிஸ் டேயும் இன்னும் கடற்படையிலிருந்து திரும்பவில்லை.