பல மானிட்டர்களுக்கு என்விடியா லினக்ஸ் டிரைவர்: வாங்கும் முன்பும் நிறுவும் முன்பும்

இரண்டு மூன்று மானிட்டர் வைத்து லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு என்விடியாவின் டிரைவரை இப்போது தயங்காமல் பரிந்துரைக்கலாம். பதிப்பு 555 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2024-இல் வந்த அந்த வரிசையில்தான் லினக்ஸின் புதிய திரை அமைப்பான வேலேண்டுக்கான எக்ஸ்ப்ளிசிட் சிங்க் (படம் வரைந்து முடிந்ததைத் தெரிவிக்கும் முறை) சேர்ந்தது. அதற்கு முன்பு, படம் வரைந்து முடிந்ததா என்று தெரியாமலே காம்போசிட்டர் (ஜன்னல்களைச் சேர்த்துத் திரைக்கு அனுப்பும் நிரல்) அதைத் திரைக்கு அனுப்பிவிடும். எக்ஸ்வேலேண்டில் (பழைய எக்ஸ்11 அமைப்புக்கான செயலிகளை வேலேண்டில் ஓட்டும் நிரல்) ஓடும் செயலிகள் மினுக்கிக்கொண்டே இருக்கும். டிரைவர் மட்டும் புதிதானால் போதாது. எக்ஸ்வேலேண்ட் 24.1-உம், டெஸ்க்டாப்பாக க்னோம் 46.1 அல்லது பிளாஸ்மா 6.1-உம் வேண்டும்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டருக்குப் பக்கத்தில் 60 ஹெர்ட்ஸ் ஒன்று, 4கே-வுக்குப் பக்கத்தில் 1080பி ஒன்று என்று கலந்து வைத்திருந்தால் எக்ஸ்11 பக்கமே போகாதீர்கள். அது எல்லா மானிட்டர்களையும் ஒரே பெரிய திரையாகத்தான் பார்க்கும். ஒன்றுக்கு 150 சதவீதம், மற்றொன்றுக்கு 100 சதவீதம் என்று தனித்தனி அளவு வைக்க வழியில்லை. திரை அளவை மாற்றும் எக்ஸ்ரேண்டர் (xrandr) கட்டளையால் இழுத்துப் பெருக்கினால் எழுத்து மங்கும்.

டிரைவர் ஓடத் தொடங்கிவிட்டால் குறை சொல்ல அதிகம் இல்லை. சிக்கல் எல்லாம் நிறுவுவதில்தான். என்விடியா தளத்தில் கிடைக்கும் நிறுவியை விட்டுவிட்டு, உங்கள் டிஸ்ட்ரோவின் (ஃபெடோரா போன்ற லினக்ஸ் வகை) பேக்கேஜையே எடுங்கள். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற கூடுதல் களஞ்சியத்தின் ஆக்மாட் (akmod) பேக்கேஜ் போட்ட கையோடு ரீபூட் செய்துவிடக் கூடாது. மாட்யூல் (கர்னலில் ஏறும் டிரைவர் பகுதி) பின்னணியில் கம்பைல் ஆகச் சில நிமிடம் எடுக்கும். மோட்இன்ஃபோ (modinfo) கட்டளை பதிப்பு எண்ணைக் காட்டிய பிறகு ரீபூட் செய்யுங்கள்.

செக்யூர் பூட் (கையொப்பமில்லாத நிரலை ஏற்காத பாதுகாப்பு) இயங்கும் கணினியில் அடுத்த பூட்டில் நீலத் திரை வரும். அங்கே மாட்யூலுக்குக் கையொப்பமிட்ட சாவியைப் பதிவு செய்து, நிறுவும்போது வைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். கவனிக்காமல் தாண்டிவிட்டால் கர்னல் அந்த மாட்யூலை ஏற்காது: ஒரே ஒரு மானிட்டர், அதுவும் குறைந்த ரெசல்யூஷனில் வந்து நிற்கும். கர்னல் அப்டேட்டுக்குப் பின் இதே நிலை என்றால், பெரும்பாலும் புதிய கர்னலுக்கான ஹெடர் பேக்கேஜ் (மாட்யூலைக் கம்பைல் செய்யத் தேவையான கோப்புகள்) இல்லாததால் மாட்யூல் கம்பைல் ஆகியிருக்காது.

லேப்டாப்பில் இது இன்னும் குழப்பும். பல மாடல்களில் ஹெச்டிஎம்ஐ போர்ட் நேராக என்விடியா சிப்போடு இணைந்திருக்கும். உள்திரை இன்டெல் கிராபிக்ஸில் ஒழுங்காக ஓடும், வெளி மானிட்டர் மட்டும் தெரியவே தெரியாது. கேபிளை மாற்றும் முன் மாட்யூல் ஏறியிருக்கிறதா என்று எல்எஸ்மாட் (lsmod) கட்டளையில் பாருங்கள்.

கார்டைப் பொறுத்தும் கவனம் வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கு 580-தான் கடைசி டிரைவர் வரிசை. ஆர்டிஎக்ஸ் 50 வரிசை ஓப்பன் கர்னல் மாட்யூலில் (என்விடியாவின் திறமூல மாட்யூல்) மட்டுமே ஓடும். பழைய வகை பேக்கேஜைப் போட்டால் கார்டு வேலையே செய்யாது.

குடா (என்விடியா கார்டில் கணக்கீடுகளை ஓட்டும் மென்பொருள்) தேவையில்லை, மானிட்டர்கள் ஓடினால் போதும் என்பவர்களுக்கு ஏஎம்டி கார்டே நிம்மதி. டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் ஹெச்டிஎம்ஐ 2.1-ஐத் திறமூல டிரைவரில் சேர்க்க ஹெச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்தது. அதனால் 4கே 120 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேபோர்ட் உள்ள மானிட்டராகப் பார்த்து வாங்குங்கள்.