ரிசப்ஷனுக்கு டிஜேவா லைட் மியூசிக்கா: 50 நிமிஷ ஆட்டத்துக்கு எவ்வளவு குடுக்கலாம்?

போன ஆவணியில தங்கச்சி கல்யாணம், திருச்சியில. மண்டபம், சமையல், போட்டோ எல்லாம் அப்பாவும் மாமாவும் பாத்துக்கிட்டாங்க, என் தலையில விழுந்தது முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷனுக்கு பாட்டு ஏற்பாடு. அப்பாவுக்கு லைட் மியூசிக் வைக்கணும், தங்கச்சிக்கு டிஜே வேணும், அம்மா மட்டும் "ஒரு பென்டிரைவ போட்டுவிட்டா ஆகாதாடா"ன்னு கேட்டாங்க. மூணுக்கும் ரேட் விசாரிச்சு கடைசியில டிஜே தான் வெச்சோம். இன்னொரு தடவை கேட்டாலும் டிஜேன்னு தான் சொல்வேன், ஆனா அன்னிக்கு அவங்களுக்கு குடுத்ததுல நாலுல ஒரு பங்கு தண்டம், அது எங்க போச்சுன்னு சொல்றதுக்குத்தான் இதை எழுதறேன்.

பென்டிரைவ் கதையை சீக்கிரம் முடிச்சிடறேன். மண்டபத்து ஸ்பீக்கர் மந்திரம் சொல்றதுக்கும் "கார் எடுங்க" அனௌன்ஸ்மென்ட்டுக்கும் தான் ஆகும். வெளிய ரெண்டு டாப்பு (பெரிய ஸ்பீக்கர் பெட்டி), ஒரு சவுண்ட் மிக்ஸர் வாடகைக்கு எடுத்தா 6,000 ரூபாய். கூட்டம் 200-க்குள்ள, ஆடற வயசுப் பசங்க யாரும் இல்லைன்னா இதுவே போதும், மேல படிக்கவே வேணாம். ஒரே விஷயம், போன்ல இருந்து ப்ளூடூத்ல போடாதீங்க, நடுவுல சமையல்காரர் கால் பண்ணுவார்.

லைட் மியூசிக் 8 பேர் குழு. கீபோர்டு, ரிதம் பேட், தபேலா, கிட்டார், பாடறவங்க நாலு பேர். 3 மணி நேரத்துக்கு 55,000 கேட்டாங்க, சவுண்ட் தனியா 15,000, ஆக 70,000. வேன் வாடகை, எட்டு பேர் சாப்பாடு வேற. நான் சொந்தமா லைட் மியூசிக் வெச்சதில்ல, சொந்தக்காரங்க கல்யாணத்துல உக்காந்து கேட்டது தான், அதனால என் பேச்சை பாதி விலைக்கு எடுத்துக்கங்க. ஒண்ணு மட்டும் ஒத்துக்கறேன், ராஜா சார் பாட்டை ஆள் நின்னு பாடும்போது பெரியவங்க முகத்துல வர்ற சந்தோஷம் டிஜேல வராது. நடுவுல பெரியப்பா ஒருத்தர் மேடை ஏறி மைக்கை வாங்குவார், அதுவும் ஒரு அழகு. ஆனா இப்ப வர்ற குத்துப்பாட்டை எல்லாம் ஒரு கீபோர்டும் பேடும் வெச்சு வாசிச்சா காத்து போன பலூன் மாதிரி இருக்கு, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம் கேப் விடறாங்க, ஆட எந்திரிச்சவன் மறுபடி சேர்ல உக்காந்துடுவான்.

இப்ப டிஜே. முதல்ல வந்த கொட்டேஷன் "ஃபுல் பேக்கேஜ் 35,000 அண்ணா". இந்த பேக்கேஜ்ங்கற வார்த்தைய கேட்டதும் பிரிச்சு குடுங்கன்னு கேக்கணும், நான் ரெண்டு நாள் கழிச்சு தான் கேட்டேன். பிரிச்சா இப்படி இருந்துச்சு: டிஜேவும் கன்சோலும் (பாட்டை மிக்ஸ் பண்ற மெஷின்) 10,000, டாப்பு, பேஸு (அடிச் சத்தத்துக்கான ஸ்பீக்கர்) எல்லாம் சேர்த்து சவுண்ட் 9,000, 12க்கு 8 அடி எல்ஈடி வால் (சுவர் மாதிரி பெரிய ஸ்க்ரீன்) சதுர அடிக்கு 100 வீதம் 9,600, ஷார்பி லைட் (கத்தி மாதிரி நேரா பாயற லைட்), ஸ்மோக், கோல்ட் ஃபயர் (பூவாணம் மாதிரி பொறி பறக்கறது) சேர்த்து 6,400. எல்ஈடி வாலை அப்பவே தூக்கிட்டோம், ஏன்னா மேடையில பூ டெக்கரேஷனுக்கு ஏற்கனவே காசு குடுத்தாச்சு, அதுக்குப் பக்கத்துல பொண்ணு மாப்பிள்ளை பேரு மின்னி மின்னி வர்றதுக்கு எதுக்கு 9,600. ஆக 25,400. பில் வேணும்னா 18 சதவீதம் ஜிஎஸ்டி மேல வரும், அதையும் முன்னாடியே கேட்டு வெச்சுக்கங்க.

அது போக மண்டபத்துல "டிஜே சார்ஜ்"னு 4,000. இது புக்கிங் பண்ணும்போது யாரும் சொல்லல, முதல் நாள் மத்தியானம் சவுண்ட் வண்டி கேட்டுக்குள்ள வந்ததுக்கப்புறம் தான் மேனேஜர் சொல்றார், "தம்பி ஜெனரேட்டர்ல லோடு ஏறும்ல". அந்த நேரத்துல சண்டையா போட முடியும், குடுத்தாச்சு. மொத்தம் 29,400.

இனிமே தான் விஷயமே. எவ்வளவு குடுத்தோம்ங்கறத விட எத்தனை நிமிஷம் ஆடினோம்ங்கறது தான் கணக்கு. டிஜே 5 மணி நேரம்னு பேசினோம், 5-ல இருந்து 10 வரை. வீடியோவை அப்புறமா ஓட்டிப் பாத்தேன், முதல் ஆள் எந்திரிச்சு ஆடினது 8.50-க்கு, 9.40-க்கு கூட்டம் கலைஞ்சிடுச்சு. அம்பது நிமிஷம். 29,400-ஐ 50-ஆல வகுத்தா நிமிஷத்துக்கு 588 ரூபாய். இதை அப்பாகிட்ட சொன்னது என் தப்பு, அவர் உடனே கால்குலேட்டரை எடுத்து "லைட் மியூசிக் 70,000, 180 நிமிஷம், நிமிஷத்துக்கு 389 தான், அப்பவே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சுட்டார். அது சரிதான், ஆனா கையில இருந்து போறது 70,000 ஆச்சேப்பா.

ஏன் அம்பது நிமிஷம் தான் கிடைச்சுதுன்னு பாத்தா டிஜே மேல ஒரு தப்பும் இல்ல. பத்திரிகையில 6.30-ன்னு போட்டோம், மேக்கப் முடிஞ்சு பொண்ணு மேடைக்கு வந்தது 7.50. அதுக்கப்புறம் மொய்க் கவரோட கியூ, ஒவ்வொரு குடும்பமும் ஏறி போட்டோ எடுத்து இறங்கறதுக்குள்ள ஒரு மணி நேரம். கியூ ஓடும்போது ஆட முடியாது, ஏன்னா ஆடற இடமும் கியூ நிக்கற இடமும் ஒண்ணு தான், சத்தமா பாட்டு போட்டா போட்டோகிராஃபர் "கொஞ்சம் குறைங்க பாஸ்"னு கத்தறார். போட்டோ எடுத்தவங்க நேரா கீழ பந்திக்குப் போறாங்க, சாப்பிட்டவங்க திரும்பி மாடி ஏறி வரவே மாட்டாங்க, தாம்பூலப் பையை வாங்கிட்டு வண்டிய எடுத்துடுவாங்க. 400 பேர் வந்த ரிசப்ஷன்ல ஆடற நேரத்துக்கு ஹால்ல இருந்தது 60 பேர் இருக்கும்.

சரி, லேட்டா ஆரம்பிச்சா லேட்டா முடிக்கலாமேன்னு நினைப்பீங்க. முடியாது. ராத்திரி 10-ல இருந்து காலைல 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்லயே இருக்கு, மூடின ஹாலுக்கு கொஞ்சம் சலுகை இருந்தாலும் 18 இன்ச் பேஸ் போட்ட சத்தம் சுவத்துக்குள்ள நிக்காது, மேனேஜர் 9.55-க்கே கரண்ட் பேனல் பக்கத்துல வந்து நின்னுட்டார். அது போக நம்ம ஊர்ல ரிசப்ஷன் முகூர்த்தத்துக்கு முதல் நாள், மறுநாள் 6 டு 7.30 முகூர்த்தம்னா பொண்ணு 3 மணிக்கு எந்திரிக்கணும். அவளை 11 வரைக்கும் ஆட வெச்சா காலைல தாலி கட்டும்போது கண்ணு சொருகும்.

அதனால பட்ஜெட்ல முதல்ல போட வேண்டியது டைம் டேபிள், அதுக்கு ஒரு ரூபாய் செலவில்ல. மேக்கப் ஆளை ஒரு மணி நேரம் முன்னாடி வரச் சொல்லுங்க, 7 மணிக்கு ஜோடி மேடையில இருக்கணும், 8.30-க்கு கியூவை நிறுத்தறதுக்கு வீட்ல வாய் உள்ள ஒரு மாமாவை நியமிச்சிடுங்க. 8.30-ல இருந்து 9.50 வரை 80 நிமிஷம் வந்துடும். எங்க கணக்குல ஷார்பி, ஸ்மோக், ஃபயர் 6,400-ஐயும் கழிச்சா மண்டபத்து சார்ஜோட 23,000, நிமிஷத்துக்கு 288-க்குள்ள அடங்கிடும். அந்த 6,400 தான் நான் சொன்ன தண்டம், கல்யாண மண்டபத்துல ட்யூப் லைட் எல்லாம் எரியும்போது ஷார்பி போட்டா எவன் கண்ணுக்குத் தெரியும்? லைட்டை அணைச்சா பாட்டிங்க "கரண்ட் போச்சா"ன்னு கேக்கறாங்க.

சவுண்ட்ல மட்டும் கஞ்சத்தனம் வேணாம். பழைய டாப்பை குடுத்துட்டு வால்யூம் ஏத்தினா காது கிழியும், முதல் வரிசைப் பெரியவங்க முறைப்பாங்க. முதல் நாலு வரிசை சேரை எடுத்துட்டு ஸ்பீக்கரை அந்த இடத்தைப் பாத்து திருப்பி வெச்சா பின்னாடி உக்காந்தவங்க பேசிக்கலாம். 5 மணியில இருந்து 8.30 வரைக்கும் டிஜே ஆளே தேவையில்ல, அவர் சவுண்ட் செட்லயே பென்டிரைவ்ல பழைய பாட்டு ஓடட்டும், அம்மா சொன்னது ஒரு வகையில சரிதான்.

சில ஹோட்டல் ஹால்ல மியூசிக் லைசென்ஸுக்குன்னு தனியா காசு கேப்பாங்க, குடுக்க அவசியமில்ல. காப்பிரைட் சட்டத்துல 52-வது பிரிவுலயே கல்யாணத்துக்கும் அது சம்பந்தமான விசேஷங்களுக்கும் விலக்கு இருக்கு, 2023 ஜூலைல மத்திய அரசும் இதைத் தெளிவுபடுத்தி அறிவிப்பு விட்டுச்சு. அதை போன்ல வெச்சுக்கிட்டு பேசுங்க.

ஈசிஆர் பக்கம் ரிசார்ட்ல, முகூர்த்தம் முடிஞ்ச அன்னிக்கு சாயங்காலம் பார்ட்டின்னா என் கணக்கு அப்படியே ஒத்துவராது, அங்க ஆளுங்க தங்கறாங்க, பந்தி முடிஞ்சு வீட்டுக்கு ஓட மாட்டாங்க. அந்த மாதிரி நான் பண்ணினதில்ல.

இப்ப தை மாசத்துல சித்தப்பா பொண்ணு கல்யாணம், மறுபடியும் இந்த வேலை என்கிட்ட தான் வந்திருக்கு. அதே டிஜே தம்பி, சவுண்டோட சேர்த்து அதே 19,000, மேக்கப் 3 மணிக்கு, மண்டபத்து சார்ஜை அட்வான்ஸ் ரசீதுலயே எழுதி வாங்கியாச்சு. சித்தப்பா மட்டும் எல்ஈடி வால் வேணும்னு அடம்பிடிச்சுக்கிட்டு இருக்கார், 9,600 ரூபாய்க்கு 300 பேருக்கு ஐஸ்கிரீம் போடலாம் சித்தப்பான்னு சொல்லிப் பாத்திருக்கேன், யோசிக்கறேன்னிருக்கார்.