ஜோஹோ புக்ஸ்: நிறுவனத்தின் வளர்ச்சியும் எங்கள் சந்தாவும்

கோவையில் பம்பு உதிரிபாகங்களை மொத்த விற்பனை செய்யும் எங்கள் கடையின் கணக்கு 2023 முதல் ஜோஹோ புக்ஸ் மென்பொருளில் இருக்கிறது. அடுத்த ஆண்டுச் சந்தாவைக் கட்டுவதற்கு முன், மென்பொருளை மட்டும் அல்லாமல் அதை உருவாக்கும் நிறுவனத்தையும் எடைபோட விரும்பினேன். வரவு, பாக்கி, வரி என ஒரு கடையின் உயிர்நாடியை இன்னொருவர் கணினியில் வைக்கும்போது, அவர் பத்து ஆண்டுகள் கழித்தும் இதே தொழிலில் நிலைத்திருப்பாரா என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஜோஹோ கார்ப்பரேஷன் ஆன இந்த நிறுவனம், வெளி முதலீட்டாளர்களிடம் பணம் வாங்காமலும் பங்குச் சந்தைக்குப் போகாமலும் வளர்ந்திருக்கிறது. 2022-23 நிதியாண்டில் அதன் வருவாய் ஏறக்குறைய 30 சதவீதம் உயர்ந்து சுமார் 8,700 கோடி ரூபாயை எட்டியது. அதே ஆண்டில் நிகர லாபம் சுமார் 2,800 கோடி ரூபாய். அது முந்தைய ஆண்டைவிட 3 சதவீத அளவே கூடியிருந்தது. வருவாயைவிட வேகமாகச் செலவு ஏறியிருக்கிறது என்பது இதன் பொருள். பங்குதாரர்களுக்குக் காலாண்டுதோறும் பதில் சொல்ல வேண்டிய நிறுவனமாக இருந்தால், அந்த இடைவெளியை நிரப்பச் சந்தாக் கட்டணத்தில் கைவைக்கும் நெருக்கடி வந்திருக்கும். அந்த நெருக்கடி இல்லாத நிறுவனம் என்பதைத்தான், 30 சதவீத வளர்ச்சியைவிட, வாடிக்கையாளராக நான் பெரிதாக மதிக்கிறேன்.

விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டிய வணிகர்களுக்கு மின் விலைப்பட்டியல், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் முறை, 2023 ஆகஸ்ட் 1 முதல் கட்டாயமானபோதுதான் நாங்கள் மாறினோம். அதற்கு முன் பயன்படுத்திய வேறொரு மென்பொருளில் ஒவ்வொரு பில்லையும் தனியே எடுத்து அரசுத் தளத்தில் ஏற்ற வேண்டியிருந்தது. விளக்கம் கேட்டு அழைத்தால் தொலைபேசியை எடுக்கவே ஆள் இருக்காது. ஜோஹோ புக்ஸில் பில் போட்ட இடத்திலிருந்தே அது அரசுத் தளத்துக்குப் போய், பதிவு எண்ணும் கியூஆர் குறியீடும் பில்லிலேயே வந்து சேர்கின்றன. லாரியில் சரக்கு அனுப்பும் நாளில் இ-வே பில்லையும் அங்கேயே எடுத்துவிடலாம். எந்தக் கடைக்காரர் எத்தனை நாளாகப் பாக்கி வைத்திருக்கிறார் என்ற பட்டியல்தான் எங்களுக்கு இதில் கிடைத்த பெரும் பயன். 45 நாள் கடனில் சரக்குக் கொடுக்கும் வியாபாரத்தில், தவணை கடந்தவர்களுக்கு நினைவூட்டல் தானாகவே மின்னஞ்சலில் போய்விடுவதால், நீண்ட காலப் பழக்கமுள்ளவர்களிடம் பணம் கேட்கும் சங்கடம் பாதியாகக் குறைந்தது. சந்தேகம் வந்தபோது எங்கள் கணக்கர் தமிழிலேயே கேட்டுத் தமிழிலேயே விளக்கம் பெற்றார் என்பதையும் மகிழ்ச்சியோடு சொல்ல வேண்டும்.

வாங்க நினைப்பவர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியவையும் உண்டு. கட்டணத் திட்டங்கள் பல படிகளாக இருக்கின்றன. எத்தனை பேர் பயன்படுத்தலாம், எந்த வசதி கிடைக்கும் என்பது படிக்குப் படி மாறும். ஆகவே குறைந்த விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஆடிட்டரோடு உட்கார்ந்து தேவையைப் பட்டியலிட்டுத் தேர்ந்தெடுப்பதே நல்லது. இணையத்தின் வழியே இயங்குவதால், இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படும் இடத்தில் மாற்று ஏற்பாடு வேண்டும். விசைப்பலகையிலேயே வேகமாகப் பதிவு போட்டுப் பழகிய கணக்கர்களுக்குக் கைபழகச் சில வாரங்கள் பிடிக்கும்.

வாடிக்கையாளர் மனநிறைவை நட்சத்திரங்களால் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணக்கு முழுவதையும் கோப்பாக இறக்கிக்கொண்டு வெளியேற வழி திறந்திருக்கும்போதும் ஒருவர் அடுத்த ஆண்டுக்குப் பணம் கட்டுகிறார் என்றால், அதுவே நேர்மையான மதிப்பெண். நாங்கள் இந்த ஆண்டும் கட்டிவிட்டோம். மாதக் கடைசியில் கணக்கை எக்செல் கோப்பாக இறக்கிக் கடையின் கணினியில் சேமிக்கும் வழக்கத்தையும் தொடர்கிறோம்.