மலிவு விலை நாடகப் புத்தகங்கள்: பல வருட ஒத்திகை அனுபவம்

அமெச்சூர் நாடகக் குழுவில் முதலில் எழும் கேள்வி, எந்த நாடகம் போடலாம் என்பது. அது முடிவானதும் அடுத்த கேள்வி வரும்: ஆளுக்கொரு புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகுமா? இதற்கு விடையாக இருப்பவைதான் 'ஆக்டிங் எடிஷன்' எனப்படும் மெல்லிய நடிப்புப் பதிப்புகள். பல வருடங்களாக இவற்றை வைத்துத்தான் ஒத்திகை பார்க்கிறேன். நடித்திருக்கிறேன், இயக்கியிருக்கிறேன், வசனம் மறந்தவருக்கு எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டராக, மேடையின் பக்கவாட்டு மறைவான விங்கில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: ஒரு காட்சியில் மட்டும் வந்துபோகிற நடிகர் கையிலும் முழு நாடகம் இருக்க வேண்டும். மலிவுப் பதிப்பின் மிகப் பெரிய உதவியே அதைச் சாத்தியமாக்குவதுதான்.

முன்பெல்லாம் நடிகர்களுக்கு முழுப் பிரதி கிடைக்காது. தன் வசனமும், அதற்கு முன்னால் மற்றவர் பேசும் கடைசிச் சில சொற்களும் மட்டும் எழுதிய தாளைத் தருவார்கள். எல்லாவற்றையும் கையால் எழுதிப் பிரதியெடுக்க வேண்டியிருந்ததும், நாடகம் அடுத்த குழுவின் கைக்குப் போய்விடுமோ என்ற பயமும் அதற்குக் காரணங்கள். 19ஆம் நூற்றாண்டில் மலிவான அச்சு வந்தபோது நிலைமை மாறியது. லண்டனில் தாமஸ் ஹெய்ல்ஸ் லேசி நடிப்புப் பதிப்புகளை வரிசையாக வெளியிட்டார். 1872இல் அவருடைய வியாபாரம் சாமுவேல் ஃபிரெஞ்ச் என்ற பதிப்பாளரின் கைக்கு வந்தது. அந்தப் பெயரில் இன்றும் நடிப்புப் பதிப்புகள் வருகின்றன. ஜெர்மனியில் வேறொரு கதவு திறந்தது. 1867 நவம்பர் 10ஆம் தேதி, இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட எழுத்தாளர்களின் படைப்புகளுக்கு இருந்த பதிப்புரிமை நீங்கியது. ரெக்லாம் பதிப்பகம் அதே ஆண்டில் தன் சிறு நூல் வரிசையைத் தொடங்கியது. முதல் நூல்களில் நாடகங்கள் நிறைய.

மலிவுப் பதிப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வகை இருப்பதும் இந்த வரலாற்றால்தான். ஒன்று மேடைக்காகவே தயாரிக்கப்பட்ட நடிப்புப் பதிப்பு. மற்றது உரிமைக் காலம் முடிந்த பழைய நாடகங்களின் வாசகர் பதிப்பு. வாசகர் பதிப்பின் விலை இன்னும் குறைவு, ஆனால் ஒத்திகைக்கு அவ்வளவு தோதுப்படாது. அடிக்குறிப்பு எண்கள் வசனத்தின் நடுவே வந்து கண்ணை இடறும். பாத்திரப் பெயர் ஒரு பக்கத்தின் அடியிலும், அவர் பேசும் வசனம் அடுத்த பக்கத்தின் தலையிலுமாகப் பிரிந்திருக்கும். வீட்டில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு இது ஒரு குறையே இல்லை. கையில் புத்தகத்தோடு நடந்துகொண்டே பேசுகிறவர் அங்கே ஒரு நொடி தடுமாறுவார்.

நடிப்புப் பதிப்பில் முதலில் நான் பார்ப்பது பைண்டிங். நடுவில் ஸ்டேபிள் அடித்த புத்தகம் விரித்தால் தட்டையாக விரியும், மடித்து ஒரு கையில் பிடிக்கலாம், மறு கை நடிப்பதற்கு மிச்சமிருக்கும். முதுகில் பசை தடவிய புத்தகம் அலமாரியில் அழகாக நிற்கும். ஆனால் ஒத்திகை சூடுபிடிக்கும்போது முதுகு விரிசல் விட்டு, அதிகம் பார்த்து வந்த காட்சியின் தாள்கள்தான் முதலில் கழன்று விழும். ஸ்டேபிளுக்கும் ஒரு குறை உண்டு. ஈரம் பட்டால் கம்பி துருப்பிடித்து, நடுத்தாளில் பழுப்புக் கறை இறங்கும். இருந்தாலும் என் ஓட்டு ஸ்டேபிளுக்கே. தாள் மெல்லியதாக இருப்பதால் பேனாவில் எழுதினால் மறுபக்கம் ஊறித் தெரியும், ஆகவே பென்சில்தான். ஓர வெண்பகுதி குறுகல், எழுத்தும் சிறியது. விங்கின் அரைகுறை வெளிச்சத்தில் பிராம்ப்டருக்கு இது உண்மையிலேயே சிரமம்.

அதற்கு ஒரு நல்ல வழி உண்டு, பல குழுக்களில் பின்பற்றுவதுதான். ஒரு பிரதியைத் தாள் தாளாகப் பிரித்துவிட வேண்டும். பெரிய தாள் ஒன்றின் நடுவே, புத்தகப் பக்கத்தைவிடச் சற்றே சிறியதாக ஒரு ஜன்னல் வெட்டி, அதில் பக்கத்தை நான்கு ஓரமும் பிடிக்கிற மாதிரி ஒட்டினால், ஒரே பிரதியில் இரண்டு பக்கங்களையும் படிக்கலாம். சுற்றிலும் தாராளமாக இடம் கிடைக்கும். யார் எங்கிருந்து எங்கே நகர்கிறார், எந்தச் சொல்லில் விளக்கு மாறுகிறது, கதவு தட்டும் ஓசை எப்போது என்று எல்லாவற்றையும் வசனத்துக்கு நேராகவே எழுதலாம். துளையிட்டு ஃபைலில் கோத்துவிட்டால் அதுதான் பிராம்ப்ட் புத்தகம். விலை உயர்ந்த கெட்டி அட்டைப் புத்தகத்தை இப்படி வெட்ட யாருக்கும் மனசு வராது. நடிப்புப் பதிப்பை வெட்டலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது.

கடைசிப் பக்கங்களைப் பலர் புரட்டுவதே இல்லை. எனக்கு அவைதான் பொக்கிஷம். மேடையின் தரைப்படம், ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் மேஜைமேல் என்னென்ன இருக்க வேண்டும், யார் எதைக் கையில் எடுத்துக்கொண்டு வர வேண்டும், விளக்குக் குறிப்புகள், ஓசைக் குறிப்புகள், உடைகள் என்று பட்டியல்கள் இருக்கும். எல்லாப் புத்தகத்திலும் எல்லாமும் இருக்காது. பழைய பதிப்புகளில் அதிகம், புதியவற்றில் சில நேரம் அரங்கப் பொருட்களின் பட்டியல் மட்டும். கடிதம் ஒன்றை இரண்டாம் காட்சியில் ஒருவர் மேஜை இழுப்பறையிலிருந்து எடுக்கிறார் என்றால், அதை முதல் காட்சிக்கு முன்பே அங்கே வைத்திருக்க வேண்டும் என்பதை இந்தப் பட்டியல் முன்கூட்டியே சொல்லிவிடும். சின்னக் குழுவில் அரங்கப் பொருட்களைப் பார்த்துக்கொள்பவரே ஒரு வேடமும் போட வேண்டியிருக்கும். அவருக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது அந்த இடத்தில் நின்றவருக்குத் தெரியும்.

மேடைக் குறிப்புகள் விஷயத்தில் மட்டும் நிதானம் வேண்டும். நடிப்புப் பதிப்பில் அச்சாகியிருக்கும் குறிப்புகள் எல்லாமே நாடக ஆசிரியர் எழுதியவை என்று நினைத்துவிடக் கூடாது. பல பதிப்புகளில் முதல் தயாரிப்பின் மேடை நிர்வாகி எழுதிவைத்த அசைவுகள் அப்படியே ஏறியிருக்கும். 'மேஜையைச் சுற்றி வலப்புற ஜன்னலுக்குப் போகிறாள்' என்று இருந்தால், அந்த மேடையில் ஜன்னல் வலப்புறம் இருந்தது என்பது மட்டும் இருக்கலாம். நம் மேடையில் அந்தப் பக்கம் சுவராக இருக்கும். வலம், இடம் என்பதும் பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலம், இடம்தான். புதியவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவது நல்லது. 'கோபமாக', 'தயங்கியபடி' போன்ற குறிப்புகளை முதல் வாசிப்பில் விட்டுவிட்டுப் படிக்கச் சொல்வேன். வசனமே கோபத்தைத் தாங்கியிருந்தால் அது தானாக வரும். ஆனால் ஒருவர் நுழைவது, வெளியேறுவது, ஒரு பொருள் கைமாறுவது ஆகியவற்றில் கை வைப்பதில்லை; கதை அவற்றின்மேல் நிற்கிறது.

எல்லோரும் ஒரே பதிப்பை வாங்குவது அவசியம். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது, நண்பரிடம் இரவல் வாங்கியது என்று நான்கு பதிப்புகள் கலந்தால், 'முப்பத்திரண்டாம் பக்கம் நடுவிலிருந்து' என்று இயக்குநர் சொன்னதும் ஆளுக்கொரு காட்சியில் இருப்பார்கள். ஆசிரியர் பின்னாளில் திருத்திய நாடகமென்றால் வசனமே வேறுபடும்.

புத்தகம் வாங்கியதாலேயே மேடையேற்றும் உரிமை வந்துவிடாது. உரிமை உள்ள நாடகத்துக்கு அனுமதி தனி, கட்டணமும் தனி, பெரும்பாலும் மேடையேற்றும் ஒவ்வொரு முறைக்கும். யாரிடம் கேட்க வேண்டும் என்பது தலைப்புப் பக்கத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும். டிக்கெட் விற்காத நிகழ்ச்சிக்கும் அனுமதி தேவைப்படலாம்; அது அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. வசனத்தை வெட்டவும், ஆண் பாத்திரத்தைப் பெண்ணாக மாற்றவும் பொதுவாகத் தனி ஒப்புதல் கேட்பார்கள். ஆகவே பிரதிகளை மொத்தமாக வாங்குவதற்கு முன்பே அனுமதிக்கு எழுதிவிட வேண்டும். தொழில்முறைக் குழு அதே நாடகத்தை எடுத்திருந்தால் அமெச்சூர் குழுக்களுக்கு நிறுத்திவைப்பதும் நடக்கும்.

உரிமைக் காலம் முடிந்த நாடகங்களில் இந்தச் செலவு இல்லை. பல நாடுகளில் ஆசிரியர் இறந்து 50 முதல் 70 ஆண்டுகள் ஆகியிருந்தால் போதும். ரஷ்ய நாடக ஆசிரியர் செகாவ் இறந்தது 1904இல், நார்வே நாடக ஆசிரியர் இப்சன் இறந்தது 1906இல், மூலம் பொதுச்சொத்து. ஆனால் நம் கையில் இருப்பது மொழிபெயர்ப்பு என்றால் அதற்குத் தனி உரிமை உண்டு. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பவை பெரும்பாலும் பழைய மொழிபெயர்ப்புகளாக இருப்பதற்கு இதுதான் காரணம். அவற்றின் வசனம் வாயில் சரளமாக வருமா என்பதை நான்கு பேராக உட்கார்ந்து ஒரு காட்சியைச் சத்தமாகப் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம். நாடகத்தின் நேரத்தையும் அப்போதே கடிகாரம் வைத்துக் கணக்கிட்டுவிடலாம், ஏனென்றால் பொடி எழுத்துப் பதிப்பில் பக்க எண்ணிக்கையை நம்பி நேரம் சொல்ல முடியாது.