கட்டுவிரியன் கடித்தவருக்கு ஆக்சிமீட்டர் போதுமா?

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவர்களைத்தான் கடிக்கிறது. கடிவாயில் வலியோ வீக்கமோ அதிகம் இராது. நஞ்சு மூச்சுத் தசைகளை மெல்லச் செயலிழக்க வைக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனைக்கு அப்படி ஒருவரை 108 ஆம்புலன்ஸில் கொண்டுவரும்போது, அவருடைய மூச்சை எதைக் கொண்டு கணிப்பது?

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைத்தான் எல்லோரும் முதலில் எடுக்கிறோம். நிமோனியாவுக்கு அருமையான கருவி. ஆனால் அது சொல்வது ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதை மட்டுமே. உள்ளே போகும் காற்று குறைவதும் கரியமில வாயு சேர்வதும் அதில் தெரியாது. ஆக்சிஜன் முகமூடி போட்டுவிட்டால், மூச்சு சுருங்கிக்கொண்டே போனாலும் 97, 98 என்றே காட்டிக்கொண்டிருக்கும். கூட வரும் உறவினர்கள் அந்த எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது எனக்குப் பெரிய கவலை.

நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுவது இதைவிட மேல். பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இயல்பு. ஆனாலும் ஆழம் தெரியாது. 500 மில்லி வீதம் 12 மூச்சு விட்டாலும், 200 மில்லி வீதம் 30 மூச்சு விட்டாலும் கணக்கு 6 லிட்டர்தான். ஒவ்வொரு மூச்சிலும் சுமார் 150 மில்லி மூச்சுக்குழாய்களிலேயே தங்கிவிடும். அதைக் கழித்தால் முதலாமவரின் நுரையீரல் சிற்றறைகளுக்கு 4.2 லிட்டர் சேர்கிறது, இரண்டாமவருக்கு வெறும் 1.5 லிட்டர்.

என் முதல் தேர்வு, செலவே இல்லாத மூன்றாவது வழி. நன்றாக மூச்சை இழுத்துக்கொண்டு, இடையில் மூச்சு வாங்காமல் ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணச் சொல்ல வேண்டும். நல்ல உடல்நிலையில் உள்ளவர் பொதுவாக 30-ஐத் தாண்டிவிடுவார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணச் சொன்னால் 25, 18, 11 என்று இறங்குவது காதிலேயே கேட்கும். குரலும் மூக்கால் பேசுவதுபோல் மாறும். 15-க்குக் கீழே வந்தால் கையால் அழுத்தி நுரையீரலுக்குள் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும், ஆக்சிமீட்டர் என்ன சொன்னாலும் சரி.

சிறு குழந்தையிடமும் நினைவு தப்பியவரிடமும் இது நடக்காது. அங்கே இமை சரிகிறதா, நெஞ்சு எவ்வளவு எழுகிறது என்று பார்ப்பதே வழி.

மருத்துவமனையில் ஒப்படைக்கும்போது ஆக்சிமீட்டர் அளவோடு இந்த எண்ணிக்கைகளையும் நேரம் போட்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்.